அப்பாவைப் பார்க்க வந்த எல்லோருக்கும்

பங்கு மக்களுக்கும், அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) அக்காமார் அண்ணன்மாருக்கும், பெங்களூரு விவேக்நகரில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் அடக்கத்தன்று யாரிடமும் சரியாகப் பேச முடியவில்லை, வந்தவர்கள் காபியாவது குடித்தார்களா என்றுகூட நான் கேட்கவில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஃபாதருக்கு. தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததுமே, நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கட்டுமா என்று அவராகவே கேட்டார். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அத்தை அழுது ஊரையே கூட்டிவிட்டார். எண்ணெய் பூசினால் அப்புறம் ஆள் பிழைக்காது என்று கேட்டே வளர்ந்தவர் அவர். ஃபாதர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: இது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லிவிட்டது, பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னால் வாங்கலாம், நோய் முற்றினால் திரும்பவும் வாங்கலாம், யாக்கோபு தன் திருமுகத்தில் மூப்பர்களைக் கூப்பிடச் சொன்னது நோயாளிக்காகத்தானே பாட்டி, பிணத்துக்காகவா? நெற்றியிலும் கைகளிலும் பூசி, ஆண்டவர் துணை நிற்கட்டும், பாவத்திலிருந்து விடுவித்து எழுப்பட்டும் என்று செபித்தார். முடிந்ததும் அத்தை தன் மூட்டு வலிக்கும் கொஞ்சம் பூசச் சொன்னது தனிக் கதை.

அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவுக்குப் பேச்சு போனது, விழுங்கவும் முடியாமல் வயிற்றில் குழாய் வைத்தார்கள். ஆகஸ்ட் 29 சிவாஜிநகர் மாதா கொடியேற்றத்துக்கு ஒரு வருடம்கூடத் தவறாமல் போனவர், தினமும் பூசைக்குப் போய் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கியவர், வெறும் பால் டின்னைக் குழாய் வழியாக வாங்கிக்கொண்டு கிடந்தார். இனி நற்கருணையும் இல்லை என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த கன்னியாஸ்திரி ஒருவர்தான் (மலையாளி, தமிழ் அரைகுறை, மனசு முழுசு) ஒருநாள் கேட்டார், அப்பத்தை விழுங்க முடியாவிட்டால் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கலாமே, உங்கள் ஃபாதரிடம் கேட்டீர்களா என்று. திருச்சபைச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறதாம், 925-ஆம் எண். அப்பத்தில் மட்டும் வாங்கினாலும் இரசத்தில் மட்டும் வாங்கினாலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார் என்பது திருச்சபை காலங்காலமாகச் சொல்லும் விசுவாசம், ஞானோபதேச வகுப்பில் நானும் படித்ததுதான். டாக்டரிடம் சம்மதம் கேட்டுவிட்டு ஃபாதர் வீட்டுக்கே வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் திருப்பலி வைத்து, சின்னக் கரண்டியில் ஒரு சொட்டு கொடுத்தார். அன்றைக்கு அப்பா அழுததை நான் மறக்க மாட்டேன். சிஸ்டர், நீங்கள் அந்த ஒரு கேள்வி கேட்காமல் போயிருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

பாவசங்கீர்த்தனமும் அப்படித்தான். பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம், தலையசைக்கலாம், பரவாயில்லை என்றார் ஃபாதர். என் மகனின் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தார்கள், நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம்.

இப்போது அன்பியத்துக்கு வருகிறேன். நோயாளி வீட்டுக்குச் செபிக்க வருவது எங்கள் பங்கில் வழக்கம்தான், ஆனால் நீங்கள் அப்பாவிடம் செபம் கேட்டு வந்தீர்கள். மகள் பிரசவம், பையனுக்கு வேலை, குடிக்கிற மருமகன் என்று ஒவ்வொருவரும் ஒரு செபக் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனீர்கள், அப்பா அதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்து, வலி அதிகமான ராத்திரிகளில் ஒரு பேரைத் தொட்டுக் காட்டுவார், இன்றைக்கு இவருக்கு என்று. கிறிஸ்துவின் பாடுகளில் குறைவாய் இருப்பதை என் உடலில் நிறைவு செய்கிறேன் என்று பவுல் கொலோசையருக்கு எழுதினாரே, சிலுவைப் பலியில் என்ன குறை இருந்துவிட முடியும் என்று எனக்கு வெகுநாள் குழப்பம். அந்த டைரியைப் பார்த்த பிறகு இப்படிப் புரிந்துகொண்டேன்: பலியில் குறை ஒன்றும் இல்லை, அவர் தம் வேலையில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு மனிதருக்கு நீங்கள் வேலை கொடுத்தீர்கள். வலி குறைந்ததா என்றால் இல்லை, மார்ஃபின் தேவைப்பட்டது, அதைக் கொடுத்ததும் சரிதான். வலி மருந்து வாங்கினால், வலியைப் பிறருக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தது வீணாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.

ஆறுதல் சொல்வதாக நினைத்து, குடும்பத்தில் ஏதோ பழைய பாவம், சாபக்கட்டு என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு, பேர் வேண்டாம். அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து வாசியுங்கள், பிறவிப் பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதற்கு ஆண்டவர் சொன்ன பதில் அங்கே இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-ல் துன்பத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார், தாம் சுடப்பட்டு மூன்று வருடம்கூட ஆகாத நேரத்தில். ஃபாதர் அதை அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்வார். ஏன் இந்த வலி என்பதில் தொடங்கும் மடல், கடைசிப் பகுதியில், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியரிடம் வந்து சேர்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு ஆட்டோ ஓட்டும் அமீர் பாய்தான் நினைவுக்கு வந்தார். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவில் நெரிசலில் எந்த ஆட்டோவும் எங்கள் பக்கம் வராது, ரேடியேஷனுக்கு நேரமாகிவிடும், பாய் சந்து சந்தாக வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதிகம் எதுவும் கேட்காமல் மீட்டர் காசை மட்டும் வாங்கிக்கொள்வார். மாடிவீட்டு கௌடா அங்கிளும் ஆன்ட்டியும் என் மகனை எத்தனை ராத்திரி தூங்க வைத்தார்கள் என்று கணக்கே இல்லை.

வின்சென்ட் தே பால் சபை அண்ணன்மார் மருந்துக் கடை பாக்கியைச் சொல்லாமலே கட்டியது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மரியாயின் சேனை அக்காமார் இருவரும் கடைசி ராத்திரி ஜெபமாலை சொல்லி விடியவிடிய உட்கார்ந்திருந்தீர்கள், மழையில் வந்த ஃபாதர் இரண்டாம் முறை எண்ணெய் பூசி, வழியுணவாக (சாகும் தறுவாயில் கொடுக்கும் நற்கருணை) அதே ஒரு சொட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முப்பதாம் நாள் பூசை நம் பங்குக் கோவிலில் காலை முதல் பூசைதான், முடிந்ததும் வீட்டில் டிபன், கட்டாயம் வாருங்கள். சக்கர நாற்காலி, சளி உறிஞ்சும் மெஷின், பிரிக்காத பால் டின்கள் எல்லாம் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். யாருக்காவது தேவை என்றால் அன்பியத் தலைவியிடம் சொல்லுங்கள், அமீர் பாய் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். டைரியில் இன்னும் பேர்கள் மீதி இருக்கின்றன, இப்போது அம்மா அதைப் பார்த்துச் செபிக்கிறார், புதிதாக எழுத வேண்டியவர்கள் அவரிடம் சொல்லலாம்.