காணும் பொங்கலுக்கு வர முடியாதவர்களையும் காண்போம்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா, அப்பாயி, அம்மாயிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'என் குடும்பம்' கட்டுரையில் இப்படி எழுதியிருந்தாள்: "பொங்கலுக்கு அப்பா போன் பண்ணுவார். அம்மா பேசுவார், அப்பாயி பேசுவார். என் முறை வரும்போது அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்." அதற்குமேல் அன்று என்னால் திருத்த முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத அந்தப் பிள்ளைதான் காரணம்.

நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஓர் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். திருப்பூரிலும் சென்னையிலும் விடுப்புக் கிடைக்காமல் இருப்பவர்களும் உண்டு. காணும் பொங்கல் என்பதே உறவுகளைப் போய்ப் பார்ப்பதற்கான நாள். போக முடியாதவர்களை வீடியோ அழைப்பில் ஒன்றுகூட்டி, பிள்ளைகளே முன்னின்று ஒரு சின்ன விழா நடத்தலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்சம் திட்டம் வேண்டும். அதை அனுபவப்பட்டே சொல்கிறேன். என் வீட்டில் முதல் முறை செய்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. குவைத்தில் இருக்கும் என் தம்பி ஒரு வார்த்தை பேசாமல், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பண்டிகை அன்று அவனை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டோமே என்று மனம் மிகவும் கஷ்டப்பட்டது.

அதனால் அடுத்த முறை அவனுக்கே வேலையைக் கொடுத்தோம். சொல்லும் எண் தன் சீட்டில் இருந்தால் அடித்துக்கொண்டே வரும் தம்போலா விளையாட்டுக்கு எண் சொல்பவன் அவன்தான் என்று முடிவு செய்தோம். 1 முதல் 90 வரை துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராவுக்குக் காட்டிச் சொன்னான். அவன் அறையில் தங்கியிருந்த நண்பர்கள் நான்கு பேர் எட்டிப் பார்த்து, எங்களுக்கும் சீட்டு உண்டா என்று கேட்டார்கள். அதில் ஒருவர் இரண்டு வருடமாக ஊருக்கு வராதவர். சீட்டின் மேல் வரிசை எண்களை முதலில் அடித்து முடிப்பவருக்கான பரிசு அவருக்குத்தான் விழுந்தது. எங்கள் அம்மா அவரிடம், ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ தம்பி என்றார். அந்த விழாவில் எனக்கு மறக்காதது அதுதான்.

எனவே நான் முதலில் கேட்டுக்கொள்வது: தூரத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை கொடுங்கள். எண் சொல்லட்டும், விடுகதை போடட்டும், பிள்ளைகள் போட்ட கோலங்களைப் பார்த்துப் பரிசு அறிவிக்கட்டும். கடைசியில் ஒரு ஹலோ சொல்லிவிட்டுப் போகும் ஆளாக அவரை வைக்க வேண்டாம்.

தம்போலா சீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நோட்டுத் தாளில் 3 வரிசை, 9 பத்தி என்று 27 கட்டம் போடுங்கள். ஒரு வரிசைக்கு 5 எண், ஆக மொத்தம் 15 எண்கள். முதல் பத்தியில் 1 முதல் 9 வரை உள்ள எண்கள், அடுத்ததில் 10 முதல் 19 வரை, இப்படியே போய்க் கடைசிப் பத்தியில் 80 முதல் 90 வரை. விளையாட்டு தொடங்கும் முன் அவரவர் சீட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் பிறகு தகராறு வராது. விடுமுறைக்கு முந்தைய நாள் கணக்குப் பாடவேளையில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பிள்ளைகளே பத்துப் பத்துச் சீட்டு தயாரித்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

பரிசுக்கும் கடைக்குப் போக வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று சொல்லும் உரிமை, தாத்தாவிடம் அவர் சின்ன வயதுக் கதை ஒன்று கேட்கும் உரிமை, இவை போதும். பிள்ளைகள் இதற்கு அடித்துக்கொள்வார்கள், பாருங்கள்.

சேர்ந்து பாடுவது மட்டும் வீடியோ அழைப்பில் சரிவராது. குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும். நாம் ஒரு சொல்லில் இருக்கும்போது அவர்கள் முந்தைய சொல்லில் இருப்பார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கையசைத்து ரசிக்கட்டும். விடுகதை இதற்கு மிகவும் ஏற்றது. "அடி மண்ணுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு, அது என்ன?" என்று பெரியவர்கள் கேட்டால், நெல் என்று எத்தனை பிள்ளைகள் சொல்வார்கள் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. பெயர், ஊர், பூ, பழம் எழுதும் விளையாட்டும் நன்றாக நடக்கும்.

அப்புறம் நேரம். நமக்கு இரவு 7.30 என்றால் துபாயிலும் மஸ்கட்டிலும் மாலை 6, சவூதி, குவைத், கத்தாரில் மாலை 5, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 10. மூன்று பக்கமும் ஆள் இருக்கும் வீட்டுக்கு இது ஓரளவு ஒத்துவரும். காணும் பொங்கல் அன்றேதான் என்று பிடிவாதம் வேண்டாம். பொங்கல் அங்கே வேலை நாளாக இருக்கலாம். குவைத், கத்தார் பக்கம் வெள்ளிக்கிழமை வார விடுமுறை, சிங்கப்பூரில் ஞாயிறு. அவருக்கு எந்த நாள் தோது என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே முறையைப் பின்பற்றலாம்.

எந்தச் செயலி என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழு வீடியோ அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். ஆனால் துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே இருப்பவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே மற்றவர்களும் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். இதற்காகப் பணம் கட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 40 நிமிடமே அதிகம். தினசரி டேட்டா போட்டிருப்பவர்கள் அன்று பகலில் வீடியோ பார்க்காமல் மிச்சம் பிடியுங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்றொரு வசதியும் இருக்கிறது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் கை வலிக்கும், படமும் ஆடும். அரிசி நிறைந்த படியில் சாய்த்து நிறுத்துங்கள். டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். டிவியை அணையுங்கள். ஒரே அறையில் இரண்டு போன் சேர்ந்தால் கூவென்று சத்தம் வரும், ஒன்றை ஊமையாக்கிவிடுங்கள். காது மந்தமான பெரியவர்களைப் போனுக்கு மிக அருகில் உட்கார வைத்து, அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். அழைப்பின் இணைப்பை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். குடும்பக் குழுவில் மட்டும் அனுப்புங்கள். முகம் தெரியாத பெயர் உள்ளே வந்தால் உடனே வெளியேற்றுங்கள். பிள்ளைகள் இருக்கும் திரையைப் படம் பிடித்து வெளியில் பகிர வேண்டாம். பண்டிகை நேரத்தில் 'பொங்கல் பரிசு' என்று சுற்றும் இணைப்புகளைத் தொடவே கூடாது, ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

வகுப்பு வாரியாக இணைய விழா வைத்து, ஒரே நிறத்தில் புத்தாடை, வீட்டுக்கு வீடு பரிசுப் பை என்று சில பெற்றோர் பேசிக்கொள்வதாக அறிந்தேன். உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். தீபாவளிக்கு வட்டிக்கு வாங்கியதையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பள்ளியில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை விழாவுக்கே வராமல் ஒதுங்கிக்கொள்ளும்.

இணையம் உள்ள போன் இல்லாத வீடுகளுக்காகக் காணும் பொங்கலை அடுத்து வரும் ஞாயிறு மாலை 5 முதல் 8 வரை பள்ளிக் கணினி அறை திறந்திருக்கும். நானும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். ஒரு குடும்பத்துக்கு 40 நிமிடம். வெளியூரில் இருப்பவரின் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வருவோர் விடுமுறைக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்துவிட்டால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டுரை எழுதிய பிள்ளையின் அம்மாவிடம் பேசிவிட்டேன். இந்த முறை அந்த வீட்டில் தம்போலா எண் சொல்லப்போவது அவள் அப்பாதான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்