இடியா அரசியின் முகம்: பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஆப்பிரிக்கக் கூடத்தில் இருக்கும் ஒரு தந்த முகமூடியைப் பற்றித்தான் இந்த மடல். ஏறக்குறைய ஒரு சாண் உயரம். இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த பெனின் அரசின் மன்னர் எசிகி 16ஆம் நூற்றாண்டில் தன் தாய் இடியாவின் நினைவாகச் செய்வித்தது என்கிறார்கள். கண்மணிகளில் இரும்பு பதித்திருக்கிறது. தலைக்கு மேல் வரிசையாகத் தாடி வைத்த குட்டித் தலைகள். கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்த போர்த்துகீசியர்கள். வந்தவர்களை அரசியின் தலைக்குப் பூவாகச் சூட்டிவிட்டான் அந்தச் சிற்பி!

இந்த முகத்தைத்தான் 1977இல் லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக் விழாவின் சின்னமாக நைஜீரியா தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும், கடல் கடத்தப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் நாடுகளிலிருந்தும் கலைஞர்கள் திரண்ட விழா அது. ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை நடந்தது. விழாவில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராணுவ ஆட்சி எண்ணெய்ப் பணத்தில் நடத்திய விழாவுக்கு நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி போகவில்லை. விழா முடிந்த ஆறாம் நாள் சிப்பாய்கள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அது தனிக்கதை.

விழாவுக்கு அந்த முகமூடியை இரவலாகத்தான் கேட்டார்கள். மிகவும் நலிந்தது, பயணம் தாங்காது என்று பதில் போனது. சரி, 1897 பிப்ரவரியில் உங்கள் படை பெனின் நகரத்தைப் பிடித்து, அரண்மனை எரிந்து, அரசர் ஓவொன்ரம்வென் கலபாருக்கு நாடுகடத்தப்பட்டாரே, அப்போது மட்டும் அது எப்படிப் பயணத்தைத் தாங்கியது? அதை எடுத்துக்கொண்டவர் உங்கள் அரசின் அதிகாரி ரால்ஃப் மூர். உங்கள் கைக்கு வந்தது 1910இல். லாகோஸ் விழாவுக்குப் புதிதாக ஒன்றைச் செதுக்கிக்கொண்டார்கள்.

பெனின் பொருள்களைத் திருப்பித் தராததற்கு இப்போது நீங்கள் காட்டும் காரணம் 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம். சேகரிப்பிலிருந்து எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறீர்கள். ஆனால் 1950 முதல் 1972 வரை முப்பதுக்கும் மேற்பட்ட பெனின் பொருள்களை, எங்களிடம் இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது என்று சொல்லி விற்றதும் மாற்றிக்கொண்டதும் உங்கள் அருங்காட்சியகம்தானே? அவற்றில் சிலவற்றை நைஜீரியாவே காசு கொடுத்து வாங்கியது. வீட்டில் களவு போனதை வீட்டுக்காரனிடமே விலை பேசிய கதை.

2022இல் ஜெர்மனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கையெழுத்திட்டது. அதே ஆண்டு, உங்கள் லண்டனிலேயே இருக்கும் ஹார்னிமன் அருங்காட்சியகம் 72 பொருள்களின் உரிமையைக் கொடுத்தது. அவர்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, தெரியும். திரும்பி வருபவை இன்றைய பெனின் அரசருக்கா, நாட்டின் அருங்காட்சியகத் துறைக்கா என்று நைஜீரியாவுக்குள்ளேயே வழக்காடியதும் தெரியும். அது பங்காளிச் சண்டை. பொருளை வைத்திருப்பவர் அதைக் காரணம் காட்டக் கூடாது.

சட்டத்தைத் திருத்த உங்களால் முடியாது, நாடாளுமன்றத்தால் முடியும். திருத்தச் சொல்லிக் கேட்க உங்களால் முடியும். கேளுங்கள். அறங்காவலர் குழுவின் முத்திரையோடு, 1963 சட்டத்தில் பெனினுக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வெளியிடுங்கள். அதுவரைக்கும் சட்டம் தடுக்கிறது என்று பெனின்காரர்களிடம் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்