ஐசியு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

நினைவு திரும்ப வழியில்லாத நோயாளியின் வீட்டாரைத் தனியே கூப்பிட்டு, "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள்" என்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடுத்து நீட்டப்படும் படிவத்தில், மருத்துவர் ஆலோசனையை மீறி நாங்களே அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறது. போகச் சொன்னது நீங்கள், பழி மட்டும் எங்களுக்கா?

என் பெரியப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. வென்டிலேட்டரில் இருந்தவரை இப்படித்தான் அனுப்பினார்கள். தொண்டைக் குழாயில் மாட்டிய, கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையை ஆம்புலன்ஸில் அண்ணன்தான் அழுத்திக்கொண்டு வந்தார். கட்டிலில் கிடத்தியதும், கூட வந்தவர் "எடுத்துடலாமா சார்?" என்று அவரையே கேட்டார். பெற்ற அப்பாவுக்குக் கொடுக்கும் காற்றை எப்போது நிறுத்துவது என்று ஒரு மகன் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சுத்திணறலுக்கு ஒரு மார்ஃபின் ஊசி போடக்கூட அங்கே ஆளில்லை. அப்புறம் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், "காசுக்குப் பார்த்துட்டான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

சட்டச் சிக்கல் வரும் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்றே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளைச் சட்டப்படி விலக்க வழி திறந்துவிட்டது. கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அன்று விதித்த நடைமுறை மிகவும் கடினமாக இருந்ததால், 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது.

இப்போது சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழுவாகப் பார்க்க வேண்டும். வேறு மூவர் அடங்கிய இரண்டாவது குழு அதை உறுதி செய்ய வேண்டும். அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படியொரு நிலை வந்தால் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. நம் வீடுகளில் யார் எழுதி வைக்கிறார்கள்?

இத்தனை டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்கள் என்றால், எந்த மகனும் மகளும் தனியாகக் கொலைக் குற்றத்தைச் சுமப்பதுபோல் நிற்க வேண்டியிருக்காது. அதேபோல, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்று கேட்கும் குடும்பத்தையும் அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது குழுவில் யார் யார் என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். குழாயை எடுப்பதென்றால் உங்கள் வார்டிலேயே, வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கொடுத்து, வீட்டார் பக்கத்தில் இருக்க, நீங்களே எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி மகள்