பெஸ்தாரி ஜெயாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மரமா இருக்கே, கோலாலம்பூர் ரெட்டைக் கோபுரம் எங்கே?" என்று கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஆள் வந்ததும் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கோபுரத்தை உலகமே எடுத்தாயிற்று அப்பா. நான் தினம் ஒரு படம் எடுப்பது வீட்டைச் சுற்றித்தான். நடந்து போவேன், இல்லாவிட்டால் இவர் மோட்டாரில் கொண்டுபோய் விடுவார். அத்தை இந்த ஊரை இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார். 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் பனை, நட்ட தோட்டம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம்! இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான்.

நீங்கள் சொன்னதும் சரிதான். அகலமாக எடுத்தால் எல்லாம் ஒரே மரம்தான். மேலே ஓலை மூடியிருப்பதால் அடியில் பாதி இருட்டு. இடையில் விழும் வெயில் படத்தில் வெறும் வெள்ளையாகப் போய்விடுகிறது. அதனால் 50 எம்எம் லென்ஸைத் தவிர மற்றதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கிட்டப் போனால் ஒவ்வொரு மரத்திலும் விஷயம் இருக்கிறது. வெட்டிய மட்டையின் அடிக்கட்டைகள் தண்டிலேயே நிற்க, அந்த இடுக்குகளில் பெரணிச் செடி முளைத்திருக்கும். பழம் நுனியில் கறுத்து, அடியில் ஆரஞ்சாக இருக்கும். மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று கணக்கு. நீளக் கம்பின் முனையில் கட்டிய அரிவாளால் அறுக்கிறார்கள். குலை அந்தரத்தில் இருக்கும்போது பிடிக்க எனக்கு ஆசை. கிட்டே போனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விரட்டுகிறார், அதுவும் நியாயம்தான்.

வெளிச்சம் இங்கே வேறு மாதிரி. காலை ஏழு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது. 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்களாம், அதனால் வருஷம் முழுக்க ஏழு, ஏழே காலை ஒட்டித்தான் சூரியன் எழும். எழுந்தால் மளமளவென்று உச்சிக்கு ஏறிவிடும். காவிரிக்கரையில் நீங்கள் ஆற அமர எடுக்கும் அந்தப் பொன்வெயில் இங்கே கொஞ்ச நேரம்தான். அப்புறம் இந்தப் புழுக்கம். ஏசி அறையில் இருந்த கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். இப்போது ராத்திரியே எடுத்து வரவேற்பறையில் வைத்துவிடுகிறேன்.

தோட்டத்துக்குள் அங்கங்கே கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரியும். கூகைக்கு வீடு! நம் ஊரில் கூகை குழறினால் பாட்டி வாசலுக்கு வந்து திட்டுவார். இங்கே எலி பிடிக்கட்டும் என்று இடம் கொடுத்துக் குடிவைக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் அது கக்கிப் போட்ட உருண்டைகள் கிடக்கும். ஒன்றைக் குச்சியால் பிரித்துப் படம் எடுத்தேன். சாம்பல் நிற முடிக்குள் எலியின் தாடை எலும்பு, பல்லோடு முழுசாக இருந்தது. அம்மாவிடம் அதை மட்டும் காட்ட வேண்டாம்.

எனக்குப் பிடித்த படம் அத்தையின் கை. சின்ன வயதில் பால்மரம் வெட்டியவர். கம்பத்துப் பக்கம், அதாவது மலாய் கிராமத்துப் பக்கம், ஒருவருடைய சின்ன ரப்பர் தோட்டம் மிச்சம் இருக்கிறது, அங்கே அழைத்துப் போனேன். மரத்தைப் பார்த்ததுமே பேச்சு வேகமெடுத்துவிட்டது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே வெட்டு தொடங்க வேண்டும். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்க வேண்டும். பட்டைக்கு உள்ளே கத்தி பட்டால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு. சொல்லிக்கொண்டே பழைய வெட்டுக் கோடுகள் மேல் விரலை ஓட்டினார். அப்போது எடுத்ததுதான். பால் பிடிக்கும் மங்கில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்து, "மோந்து பாரு" என்று என் மூக்கருகே நீட்டினார். அந்த நாற்றம் படத்தில் வராதது உங்கள் அதிர்ஷ்டம்.

அவர் பிறந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, இப்போது இல்லை. இடித்து மறுபடி செம்பனை நட்டுவிட்டார்கள், ஆட்களெல்லாம் டவுனுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது, திருவிழாவுக்கு எல்லாரும் காரில் திரும்பி வருகிறார்கள். செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு மாமரத்தையோ தென்னையையோ பார்த்தால் அங்கே யார் வீடு இருந்தது என்று அத்தை சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மரங்களை இப்போது ஒவ்வொன்றாக எடுத்து வருகிறேன், பின்னால் பென்சிலால் வீட்டுக்காரர் பெயரை எழுதிவைக்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மினுங்கும். பிளாஷ் போடக்கூடாது. படகு ஆடுவதால் ஷட்டரை அதிக நேரம் திறந்தால் புள்ளியெல்லாம் கோடாகிவிடுகிறது. ஐஎஸ்ஓவை எவ்வளவு தூரம் ஏற்றலாம்? வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள்.

இத்துடன் வரும் பென்டிரைவில் உள்ளவற்றை ஆறுக்கு நாலு அளவில் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோவில் மாட்டுங்கள். தயவுசெய்து பச்சையை மட்டும் ஏற்றாதீர்கள், இங்கே அது ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்