4294967297-இல் சொல்ல ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பின் கணக்குப் பகுதியில் 4294967297 என்ற எண்ணைக் கொடுத்து, "இது ஒற்றைப்படை எண். 2, 3, 5, 7 எதாலும் வகுபடாது. மற்றபடி இதில் சொல்ல ஒன்றுமில்லை" என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த எண். 1, 2, 4, 8, 16 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற ஃபெர்மா எண்களின் வரிசையில் அடுத்தது. அந்த ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான், இனி வருவதெல்லாம் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இதன் எந்தக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதைப் பின்னால் அவரே நிரூபித்தார். அப்படியானால் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றுதான் தொடங்கும். ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது! நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைக் கையாலேயே வகுக்க வைத்திருக்கிறேன். மீதி பூஜ்யம் வந்ததும் ஒரு பெண், "அப்போ 6700417-ஐயும் உடைக்கலாமா?" என்று கேட்டாள். உடைக்க முடியாது, அது பகா எண். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? நீங்கள் ஒன்றுமில்லை என்று தள்ளிய எண்ணிலிருந்துதான்.

இரண்டு படி கீழே இருக்கும் 4294967295 இன்னும் அழகு. மேலே சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கல் அது. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று தெரிந்த ஒழுங்குப் பல்கோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ளவற்றில் மிகப் பெரியதற்கு அத்தனை பக்கங்கள். கணித மேதை காஸ் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

இது முதல் முறையும் இல்லை. 2024-இல் புதிய மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் பகா எண்) கிடைத்தபோது "உலகின் மிகப்பெரிய பகா எண்" என்று தலைப்பிட்டீர்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் காட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "இதுவரை கண்டறிந்தவற்றில்" என்று ஒரு சொல் சேர்க்க இடமில்லையா? அந்தச் செய்தியிலேயே 2-இன் மேல் ஏற வேண்டிய 136279841 என்ற அடுக்கைக் கீழே இறக்கி, 2136279841 - 1 என்று அச்சிட்டீர்கள். 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண் பத்தே இலக்கமாகிவிட்டது. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. அதற்கு முன்பு 1-ஐப் பகா எண் பட்டியலில் சேர்த்தபோதும் எழுதினேன். பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள், ஐயா. நான் சொல்வதைவிட அச்சில் வந்ததைத்தான் நம்புகிறார்கள்.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பகுதியில் 4294967297 = 641 × 6700417 என்று ஒரே ஒரு வரி போடுங்கள். அடுக்குகளை மேலே ஏற்றி அச்சிடும்படி பக்கம் அமைப்பவர்களிடமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்