புரவலரா, புறவலரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில், ‘புரவலர்’ என்பது ஊரைக் குறிக்கும் ‘புரம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, ஊர்ப் பெரியவர் என்பதே அதன் பொருள் என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அடிச்சொல் ‘புர’. புரத்தல் என்றால் காத்தல், பேணுதல். ‘புரந்தார்கண் நீர்மல்க’ என்று தொடங்கும் குறளில், போரில் மாண்ட வீரனுக்காகக் கண் கலங்குகிறவர் அவனைப் பேணிக் காத்த அரசர். அரசனையே புரவலன் என்று சொல்வது பழைய வழக்கு. ஊருக்கு இங்கே வேலையே இல்லை.

இச்சொல்லை அதன் இணையோடு வைத்துப் பார்த்தால் ஐயமே எழாது. இரத்தல் என்றால் யாசித்தல்: இர – இரவு – இரவலர். புர – புரவு – புரவலர். புறநானூற்றின் 162ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். சிற்றரசன் இளவெளிமான் அவருக்குச் சிறிது கொடுத்தான். அதை வாங்காமல் போன புலவர், வள்ளல் குமணனைப் பாடி யானை ஒன்றைப் பரிசிலாகப் பெற்று, திரும்பி வந்து, இளவெளிமான் தன் ஆட்சியின் அடையாளமாகக் காத்துவந்த காவல் மரத்திலேயே அதைக் கட்டினார். ‘இரவலர் புரவலை நீயும் அல்லை’ என்று தொடங்கி, இரவலர்க்குப் புரவலர் இல்லாமலும் போகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடந்தார். அவனும்தான் கொடுத்தான், ஆனாலும் புலவர் கணக்கில் அவன் புரவலன் இல்லை. பதாகையில் பெயர் வருவதற்காகப் பணம் தருகிறவரையெல்லாம் நாம் இன்று புரவலர் என்கிறோம். இலங்கைத் தமிழர் அவருக்கு ‘அனுசரணையாளர்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லை எழுத்துப் பிழை. போன மாதம் வந்த ஒரு விழா அழைப்பிதழில், தங்க நிற எழுத்தில், ‘புறவலர்கள்’ என்று பதினோரு பெயர்கள். அச்சொல்லுக்குப் பொருள் கண்டே ஆகவேண்டுமென்றால், புறங்கூறுவதில் வல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் அப்படியும் இருவர் உண்டு, அது வேறு கதை. அச்சகத்தில் கேட்டதற்கு, “போன வருட அழைப்பிதழைப் பார்த்துத்தான் போட்டோம் ஐயா” என்றார்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். நானும் கட்டியிருக்கிறேன். சுவரில் உள்ள பலகையில் என் பெயருக்கு மேலே ‘புரவலர்கள்’ என்று சரியான ‘ர’ போட்டே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான், இரவல் வாங்கிய புத்தகத்தைத் தவணை கடந்து கொண்டுபோய், அபராதமும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மன்னார்குடி.