போன்ல சொல்லாம விட்டது

பாப்பா,

ஞாயித்துக்கிழமை போன்ல "இங்க என்னடி, லேசா மழை, எல்லாரும் நல்லாருக்கோம்"னு சொன்னேன்ல, அதுல பாதி பொய். நல்லாருக்கோம்ங்கிறது நெசம், லேசா மழைங்கிறதுதான் பொய். போன்ல சொல்ல ஆரம்பிச்சா நீ நடுநடுவுல "ஐயோ அப்புறம், ஐயோ அப்புறம்"னு கேட்டு என்னைய முழுசா சொல்லவே விடமாட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன். வாய்ல பேசுனா போனே எழுதிக்கும்னு தம்பி ஒண்ணு காமிச்சான், நான் இடின்னா அது இட்லின்னு எழுதுது, வேணாம்னு கையாலயே அடிக்கிறேன். தப்பு இருந்தா சிரிக்காத.

திங்கக்கிழமையே ஆரம்பிச்சிருச்சு. காலைலேர்ந்து ஒரே புழுக்கம், ஒரு இலை அசையல. மூணு மணி வரைக்கும் நல்ல வெயிலு, நாலு மணிக்குப் பாத்தா மேக்க கரேல்னு நிக்குது. இந்த கோடை மழை மட்டும் ஏன்டா தவறாம சாயங்காலமே வருதுன்னு பாட்டி கேக்க, பகல் பூரா தரை சூடாகி ஈரக்காத்து மேல மேல ஏறி, பத்து பன்னெண்டு கிலோமீட்டர் உசரத்துக்கு மேகமா கட்டிக்கிட்டு நிக்கும் பாட்டி, அதான்னு தம்பி சொன்னான். "அவ்வளவு உசரத்துலேர்ந்து வந்தும் என் சேலை காயுற கொடி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியுது பாரு"ன்னாங்க. துணி பூரா நனைஞ்சுது, திங்கக்கிழமை அதோட முடிஞ்சுது.

செவ்வாக்கிழமை நெட் போச்சு. பிளக்கைப் பிடுங்குடா பிடுங்குடான்னு நான் கத்துறேன், இவன் என்னமோ ஒரு பெட்டி வாங்கி மாட்டி வச்சிருக்கானாம், அது பாத்துக்குமாம். பட்டுனு ஒரு சத்தம், மோடத்துலேர்ந்து கருகுன வாடை, கரண்டும் சேந்து போச்சு. பக்கத்துல இடி விழுந்தா அந்தப் பெட்டியெல்லாம் தாங்காது, முன்னாடியே பிளக்கைக் கழட்டி வைக்கிறதுதான் வழின்னு அப்புறமா போன்ல படிச்சுட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறான். நான் சொன்னதை எனக்கே சொல்றான் பாப்பா!

இப்ப புதன்கிழமைக்கு வர்றேன். இதை சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டு இருக்கேன்.

மழை கொட்டுது, உன் ரூம்ல பீரோவுக்கு மேல சொட்டு சொட்டா ஒழுக ஆரம்பிச்சிருச்சு. மொட்டைமாடில தண்ணி போற ஓட்டைய சருகு அடைச்சிக்கிச்சு, தண்ணி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது போல. வாளிய வச்சுட்டு விடுங்க, மழை நின்னதும் பாத்துக்கலாம்னு எவ்வளவோ சொன்னேன். உங்கப்பா கேக்குற ஆளா? நீ ஆறாவது படிக்கிறப்ப சொல்லிக்குடுத்தியே, மின்னலைப் பாத்ததும் எண்ணணும், மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு, அதை அவரு இன்னும் மறக்கல. ஆனா முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா வெளிய நிக்கவே கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வரணும்னு நீ சேத்துச் சொன்னத மட்டும் வசதியா மறந்துட்டாரு. கைல ஒரு கம்பி, தலைல துண்டு, மேலேர்ந்து கத்துறாரு, "பதினஞ்சு! அஞ்சு கிலோமீட்டர் தள்ளித்தான்டி இருக்கு!" நான் படிக்கட்டு அடில நின்னு இறங்குங்க இறங்குங்கன்னு தொண்டை கிழிய கத்துறேன். அடுத்த தடவ "ஒம்போது"ன்னாரு. அதுக்கும் அடுத்ததுக்கு எண்ணவே இல்ல. வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வந்துச்சு, கண்ணு ரெண்டும் அவிஞ்ச மாதிரி, காதுல ஙொய்னு. பின்பக்கம் நின்ன மரம், நீ ஏறி விழுந்து கைய உடைச்சுக்கிட்டியே, அதுல விழுந்துச்சு.

பத்து வருஷமா முட்டி வலிக்குதுன்னு சொல்ற மனுஷன் அந்தப் படிய எப்படி இறங்குனாருன்னு இன்னமும் எனக்குப் புரியல. ஒரு காயமும் இல்ல, பதறாத, சத்தியமா ஒண்ணும் இல்ல. உள்ள வந்து சேர்ல உக்காந்தாரு, கம்பி கைலயே இருக்கு, விரல விரிக்க முடியல, நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன். திட்டணும்னு வாயத் தொறந்தேன், வரல. துண்டைப் பிழிஞ்சு தலையத் துவட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

விடிஞ்சதும் போய்ப் பாத்தா மரம் உச்சிலேர்ந்து வேர் வரைக்கும் பட்டை உரிஞ்சு வெள்ளையா நிக்குது, பாதி மரம் பொளந்து சுவத்து மேல சாஞ்சு கிடக்கு. பட்டைத் துண்டு ஒண்ணு கிச்சன் ஜன்னல் கம்பில வந்து சொருகியிருக்கு. மின்னல் போற வழில காத்து முப்பதாயிரம் டிகிரி வரைக்கும் சூடாகுமாம், சூரியன் மேல்பக்கத்தவிட அஞ்சு மடங்கு, மரத்துக்குள்ள இருக்கிற தண்ணி அப்படியே ஆவியாகி வெடிச்சிருக்குன்னு தம்பி சொன்னான். உங்கப்பா ஒண்ணும் பேசாம அந்த பட்டைய எடுத்து உள்ள கொண்டுபோய் வச்சுக்கிட்டாரு. எதுக்குன்னு நான் கேக்கல.

வியாழக்கிழமை பூரா கரண்ட் இல்ல. மூடியே வச்சிருந்தா ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்தான் தாங்கும், இது ஒன்றரை நாளு ஆச்சு, பாலெல்லாம் கொட்டுனேன். நாலு பேரும் ஹால்லயே படுத்தோம், கொசு ஒரு பக்கம், பாட்டி குறட்டை ஒரு பக்கம். சொல்லக் கூடாது, ஆனா எனக்கு அது பிடிச்சிருந்துச்சு பாப்பா, யார் கைலயும் போன் இல்ல, எல்லாமே சார்ஜ் போய்க் கிடந்துச்சு. ராத்திரி தூரத்துல மின்னுறப்பல்லாம் இருட்டுல உங்கப்பா முணுமுணுன்னு எண்றது கேக்குது. நானும் மனசுக்குள்ள எண்ணுனேன். அவரு பன்னெண்டுன்னாரு, எனக்கு ஒம்போதுதான் வந்துச்சு, அதுக்கும் ஒரு சண்டை.

வெள்ளிக்கிழமை ஆலங்கட்டி மழை. பாட்டி கிண்ணத்துல பொறுக்கிட்டு வந்து, ஒண்ணை ரெண்டா உடைச்சா உள்ள வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கு, எண்பது வயசுல இதைப் பாக்கணும்னு இருந்திருக்கு பாருன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை விடியக்காலம் மூணு மணிக்கு கரண்ட் வந்துச்சு, ஒரு சுவிட்சையும் யாரும் அணைச்சு வைக்கல போல, வீடு பூரா லைட்டு, டிவி அலறுது, பாட்டி மறுபடி இடின்னு நெனச்சு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க.

மரம் போனதுல கிச்சன்ல மத்தியானம் வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. ஒரு தடுப்புத் துணி போடணும்.

நீ அடுத்த மாசம் வர்றப்ப ஒரு நல்ல டார்ச் வாங்கிட்டு வா, சார்ஜ் போடுறது வேணாம், பேட்டரி போடுறதா பாத்து வாங்கு. உங்க ஊர்லயும் இடி இடிச்சா குளிக்கவோ பாத்திரம் கழுவவோ போகாத, குழாய்த் தண்ணி வழியாவும் மின்சாரம் வருமாம்.

அப்புறம், நாளைக்கு உங்கப்பா உனக்கு போன் பண்ணுவாரு. மரம் காத்துல விழுந்துச்சுன்னு சொல்லுவாரு. அப்படியாப்பான்னு கேட்டுக்க.

அம்மா